வெள்ளை ஸ்னாப்

"யாரும்மா இங்க க்யூசி-டூ?"

கம்பெனி கேட்டை உதைத்துக்கொண்டே கேட்டார் ஒருவர். காக்கிச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பாக்கெட். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். நான் வெளியே போனேன். க்யூசி-2 நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங், கிளிப், கம்பிக் கொக்கி செய்கிற சின்ன கம்பெனி அது. நான் பார்த்துச் சரி என்று சொன்ன சரக்கின் மேல் விழுகிற முத்திரை "க்யூசி-2".

"நான்தான். இன்னா வேணும்?"

"நீயா? இந்தா பாரு." பாக்கெட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ரெண்டு கிலோ வெராலும்மா. கரைக்கு மூணே அடி. ஒரே சுத்து சுத்துச்சு. வாயத் தொறந்துடுச்சு."

"மீனா?"

"மீனு எதுக்கு வாயத் தொறக்குது? ஒன் ஸ்னாப்பு! என் தவளையையும் எடுத்துகினு பூட்ச்சு. இதுல இருபத்தஞ்சு கிலோன்னு போட்டுகீறே, வெக்கமா இல்ல?"

அவர் பெயர் யூசுப். பட்டாபிராமில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு ஏரிக்கரையில் ராடும் கையுமாக நிற்பவர். ஸ்னாப் என்பது தூண்டில் நூலின் முனையில் கட்டுகிற, சேஃப்டி பின் மாதிரி திறந்து மூடுகிற குட்டிக் கம்பி. ரப்பர் தவளை, தகர மீன் என்று லூர் எனப்படும் எந்தப் போலி இரையையும் அதில் நொடியில் மாட்டலாம், கழற்றலாம். ஒவ்வொரு தடவையும் நூலை வெட்டிப் புதிதாக முடிச்சுப் போட வேண்டாம். எட்டு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அவர் கையிலிருந்த ஸ்னாப்பை வாங்கிப் பார்த்தேன். பளபளவென்று வெள்ளையாக இருந்தது.

நான் ஒரு வெள்ளை ஸ்னாப்பைக்கூடப் பாஸ் செய்ததில்லை.

கம்பியை வளைத்தால் அதற்குள் ஒரு விறைப்பு தங்கிவிடும். முந்நூற்றைம்பது டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வைத்தால் அது அடங்கும். பிறகு எத்தனை முறை திறந்து மூடினாலும் கம்பி தன் வடிவத்தை விடாது. ஓவனிலிருந்து வரும்போது வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஓவனில் வைக்காத கம்பிதான் வெள்ளி மாதிரி மின்னும், பத்து தடவை திறந்து மூடினால் தொளதொளத்துப் போகும். இந்த ஸ்னாப்பைத் தன் பெயர் போட்டு விற்கிறவன் சரவணக்குமார். பூந்தமல்லியில் தூண்டில் சாமான் கடை, கூடவே மீன்பிடி வீடியோ சேனல். அவனுக்கு அந்த வைக்கோல் நிறம் பிடிக்கவில்லை. கேமராவில் துரு மாதிரி தெரிகிறதாம். ஓவனை நிறுத்தச் சொன்னான். முதலாளி நடேசன் சார் நிறுத்தினார். நான் அந்தத் தட்டுகளில் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்தேன். ஓவனில் வைத்தது பத்து, வைக்காதது பத்து என்று சோதித்து எழுதியும் கொடுத்தேன். "சரிம்மா, பாத்துக்கலாம்" என்றார் சார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் யூசுப்பின் பாக்கெட்டில் இருந்தது. முத்திரையை வைத்துப் பூட்டுகிற என் மேஜை டிராயருக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம்.

நேராக கேபினுக்குள் போனேன்.

"சார், என் சீல எடுத்து நீங்க குத்துனீங்களா?"

"மெதுவா பேசும்மா. வெளிய ஆளு கீறாங்க."

"அந்த ஆளு கேக்கத்தான் பேசறேன்."

மறுநாள் காலை கடிதம் தயாராக இருந்தது. 'தரப் பரிசோதனையில் அலட்சியம் காரணமாகப் பணிநீக்கம்.' உட்காரக்கூடச் சொல்லாமல் நீட்டினார். ஏழு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்னாப் வளைக்கிற பெஞ்சுக்கும் ஓவனுக்கும் பொறுப்பான பார்வதம் அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. அப்பா பட்டாபிராமில் மூட்டை தூக்குகிறவர். என் டிகிரி சர்டிபிகேட்டை லேமினேஷன் செய்து டிவிக்கு மேலே மாட்டியவர் அவர்தான். 'அலட்சியம்' என்று எழுதிய இந்தத் தாளை எங்கே மாட்டுவது? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் பாகக் கம்பெனியில் கடைசிச் சுற்று வரை தேறியிருந்தேன். பழைய கம்பெனியின் கடிதத்தை மாதக் கடைசிக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இதைக் கொண்டுபோனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

அதைக்கூட அழுது தீர்த்திருப்பேன். ஆனால் அந்த வாரம் சரவணக்குமார் ஒரு வீடியோ போட்டான்.

"மச்சான்ஸ், சில பேரு ஸ்னாப்பு தொறந்துக்குதுன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணீங்க. விசாரிச்சேன். ஃபேக்டரில செக் பண்ற ஒரு பொண்ணு போன பாத்துகினே சீல் குத்திகிச்சு. தூக்கியாச்சு. இப்ப வர்றது எல்லாமே பக்கா."

கீழே நானூறு கமென்ட். பொம்பளைங்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று பாதி. சமைக்கத்தான் லாயக்கு என்று மீதி. ஒன்று விடாமல் படித்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இவனை இவன் கேமரா முன்னாலேயே வைத்துக் கிழிக்க வேண்டும்.

யூசுப் அன்றைக்குக் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு போன் செய்தேன்.

"அண்ணா, க்யூசி-டூ பேசறேன்."

"இன்னாமா, வேற மீனு புடிச்சுக் குடுக்கப் போறியா?"

நடந்ததைச் சொன்னேன். "த்தா, அப்ப நான் ராங் ஆள்கிட்ட கத்திட்டேனா?" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அவன் அடுத்த ஞாயித்துக்கெழம நூம்பல் குட்டையில பந்தயம் வெச்சுகீறான். முடிச்சா ஸ்னாப்பான்னு. எவன் முடிச்சு அவன் ஸ்னாப்ப ஜெயிக்குதோ அவனுக்கு ராடு இனாம். வர்றியா?"

"முடிச்சு போடத் தெரியாதே."

"டிகிரி படிச்சுகீறே, முடிச்சு போடத் தெரியாதா? நல்லா கீது கத."

பட்டாபிராம் ஆட்டோ ஸ்டாண்டில் வைத்து ஒரே தடவை காட்டினார். நூலை இரண்டாக மடி, வளையத்துக்குள் விடு, ஒரு சாதா முடிச்சு, மிச்சம் நிற்கிற காதைத் தவளையின் தலைக்கு மேலே போட்டு இறக்கு, எச்சில் தொட்டு இழு. எச்சில் தொடாமல் இழுத்தால் நூல் தேய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே அறுந்துவிடும். வீட்டு ஜன்னல் கம்பியில் வளையம் மாட்டி அந்த ஆறு நாளும் முடிச்சாகப் போட்டுத் தள்ளினேன். "வேலைக்குப் போவலியா?" என்று அம்மா கேட்டாள். "இதுதான் வேல" என்றேன்.

நடுவில் ஒரு நாள் யூசுப்பிடம், "ஸ்னாப்பே ஏமாத்து வேலதான அண்ணா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதெப்படி? பாசில வெராலுக்குத் தவளை போடறப்ப நேரா முடிச்சு. ஸ்னாப்பு போட்டா பாசிய வாரிகினு வரும். ஆனா தெறந்த தண்ணில கொடுவாக்குப் போடறப்ப நிமிஷத்துக்கு ஒரு லூர் மாத்துவேன். ஒவ்வொரு வாட்டியும் முடிச்சு போட்டா நூலு தீந்துடும், பொழுது சாஞ்சுடும். நல்ல ஸ்னாப்பு தங்கம்மா. ஒன் கோவத்துக்கு ஸ்னாப்ப திட்டாத. அவனத் திட்டு."

சரிதான். யோசித்தபோது இன்னொன்றும் புரிந்தது. ஸ்னாப்பையும் நூலில் முடிச்சுப் போட்டுத்தான் கட்டியாக வேண்டும். ஸ்னாப் போடுகிறவன் முடிச்சிலிருந்து தப்பிப்பதில்லை. முடிச்சோடு கூட, முன்பின் தெரியாத ஒரு கம்பெனியையும் நம்புகிறான். அந்தக் கம்பெனியில் யாரோ ஒருத்தி குத்திய முத்திரையை நம்புகிறான்.

ஞாயிற்றுக்கிழமை நூம்பல் குட்டையில் நல்ல கூட்டம். காசு கட்டி மீன் பிடிக்கிற தனியார் குட்டை அது. காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டுகளிலிருந்து விலையுயர்ந்த ராடுகளோடு ஐடி பையன்கள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பத்தோடு, புளிசாதத்தோடு வந்தவர்கள். மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாக நிறுத்தி, நடுவில் தூண்டில் நூல் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் முனையில் ஒரு இரும்பு வளையத்தை முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும், இல்லை ஸ்னாப்பில் மாட்ட வேண்டும். இரண்டு பேர் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிப் பிடித்து, வளையத்தில் மாட்டி, மெதுவாகக் கையை எடுப்பார்கள். தாங்கினால் ஜெயம்.

சரவணக்குமார் காலரில் மைக்கோடு நின்றான். லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வந்த இரண்டு பேரும் பழைய நைலான் நூலுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார்கள். இது பின்னல் நூல், வழவழப்பு. அந்த முடிச்சு இதில் வழுக்கும். வழுக்கியது. கேன் தொப்பென்று விழுந்தது.

"மாமே, போயி பூ கட்டு மாமே!" என்றான் சரவணக்குமார். கூட்டம் சிரித்தது.

பிறகு தன் ஸ்னாப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நூலில் கட்டினான். நான் முன்வரிசைக்கு வந்திருந்தேன். நன்றாகத் தெரிந்தது. பையிலிருந்து வந்தது வைக்கோல் நிறம். ஓவனில் வைத்த பழைய லாட். என் கையால் பாஸ் செய்தது. கேன் தொங்கியது. ஸ்னாப் இம்மியும் அசையவில்லை. கூட்டம் கைதட்டியது.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எது உறுதி, எது குப்பை என்று துல்லியமாகத் தெரிந்து, நல்லதைப் பையில் வைத்துக்கொண்டு, குப்பையைப் பாக்கெட்டில் அடைத்து விற்று, பழியை என் தலையில் கட்டியிருக்கிறான். அதுவரை எனக்கு இருந்தது கோபம். அதன் பிறகு வந்ததற்கு வேறு பெயர்.

"அடுத்து யாரு?"

கை தூக்கினேன்.

"அட, சிஸ்டர்! வாங்க வாங்க. மீனு கழுவ வந்தீங்கன்னு நெனச்சேன்."

"மொதல்ல ஒங்க ஸ்னாப்ப இன்னொரு வாட்டி டெஸ்ட் பண்ணலாம் அண்ணாத்தே." பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன். "இப்பதான் ஒங்க ஸ்டால்ல வாங்கினேன். பில்லு கீது."

"எதுக்கு? இதோ என்னுது தொங்குதே."

"அதுவும் இதுவும் ஒண்ணுதான?"

அவன் ஒரு நொடி தயங்கினான். பின்னாலிருந்து யூசுப் கத்தினார். "பிரிம்மா! அண்ணன் பயப்படறாரு!"

"யாரு பயப்படறது? பிரிங்க, பிரிங்க."

பிரித்தேன். ஒரு ஸ்னாப்பை எடுத்துக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். "ஒரு நாள் மீன் புடிக்கப் போனா எத்தினி வாட்டி லூர் மாத்துவீங்க?"

"பத்து, பதினஞ்சு" என்றார்கள்.

"அப்ப பத்து வாட்டி தொறந்து மூடுங்க." ஆவடி ஃபேக்டரி தொப்பி போட்டிருந்த ஒருவர் கையில் கொடுத்தேன்.

"இதெல்லாம் ரூல்ஸ்ல இல்ல" என்றான் சரவணக்குமார்.

"ஏன் தலைவா, ஸ்னாப்ப தொறக்காம பூஜை ரூம்ல வெக்கறதா?" என்று ஒரு ஐடி பையன் கேட்டான். சிரிப்பு இப்போது வேறு பக்கம் திரும்பியது. தொப்பிக்காரர் திறந்து மூட, அவர் மனைவியும் மகளும் சத்தமாக எண்ணினார்கள். ஏழாவது தடவை அவர் நிறுத்திவிட்டு ஸ்னாப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இரும்போடு வாழ்ந்த மனிதர்.

"இன்னாமா இது, கம்பி செத்துப் போச்சே."

"பத்து வரைக்கும் போங்க சார்."

சரவணக்குமார் தன் ஸ்னாப்பை வெட்டியெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நூலில் என் முடிச்சைப் போட்டு இந்த ஸ்னாப்பைக் கட்டினேன். வளையத்தை மாட்டினேன். இரண்டு பேரும் கேனைத் தூக்கி, மாட்டி, மெல்லக் கையை எடுத்தார்கள். முழுதாக எடுக்கக்கூட இல்லை. ஸ்னாப் கொட்டாவி விடுகிற மாதிரி திறந்துகொண்டது. கேன் விழுந்து மூடி தெறித்து, தண்ணீர் அத்தனையும் சரவணக்குமாரின் வெள்ளை ஷூவுக்குள் போனது.

நூலில் பிளந்த ஸ்னாப் தொங்கியது. அதற்கு மேலே என் முடிச்சு அப்படியே இருந்தது.

ஸ்னாப்பை வெட்டி எறிந்தேன். அதே நூலில் நேராக வளையத்தைக் கட்டினேன். மடித்து, விட்டு, முடிந்து, காதைப் போட்டு, எச்சில் தொட்டு இழுத்தேன்.

"ச்சீ, எச்சி" என்றான் சரவணக்குமார்.

"ஏமாத்தறத விட எச்சி சுத்தம் அண்ணாத்தே."

வேறு கேன் கொண்டுவந்தார்கள். தொங்கியது. ஆடி, சுற்றி, நின்றது. விசில் பறந்தது. எனக்கு அந்தச் சத்தம் போதவில்லை.

அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சமாளிக்க ஆரம்பித்தான். "மச்சான்ஸ், இது பழைய லாட்டு மிஸ்டேக். நான்தான் சொன்னேனே, அந்த க்யூசி பொண்ணு..."

"நான்தான் அது."

"இன்னாது?"

"போன பாத்துகினே சீல் குத்துச்சுன்னு சொன்னியே, அந்தப் பொண்ணு. பேரு எழில். இப்ப சொல்லு, என் மூஞ்சப் பாத்து சொல்லு. லைவ் ஓடுதா? ஓடட்டும். ஸ்னாப்பு பளபளன்னு வேணும்னு ஓவன நிறுத்தச் சொன்னது யாரு? ஒன் பையில இருந்து எடுத்து மாட்டினியே, அந்த ஸ்னாப்ப கேமராகிட்ட காட்டு. பாக்கெட்டுல கீறதையும் காட்டு. ரெண்டும் ஒரே கலரான்னு ஜனம் பாக்கட்டும்."

காட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பான். அவன் சட்டென்று கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டான். அதைத்தான் அத்தனை போன்களும் பிடித்தன.

"பையில தங்கம், பாக்கெட்டுல தகரம்!" என்று யூசுப் ஆரம்பித்தார். கூட்டம் அதையே பாட்டாக்கிவிட்டது. ராடு கேட்டு நான் நிற்கவில்லை. யூசுப்தான் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தார், தன் தவளைக்கு ஈடு என்று தானே வைத்துக்கொண்டார்.

இனித்தது. அதை மறைக்க மாட்டேன். அன்றைக்கு முழுவதும் அவன் பையை மூடிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மறுநாள் நடேசன் சார் கூப்பிட்டார். போனேன்.

"ஒக்காரும்மா. டீ சொல்லட்டா?"

"லெட்டர நிக்க வெச்சுதான குடுத்தீங்க? நின்னுகினே பேசறேன்."

சரவணக்குமார் பழியைக் கம்பெனி மேல் போட்டுவிட்டானாம். நேற்றே ஆர்டரை நிறுத்தியாயிற்றாம். கடையிலிருந்து மூட்டை மூட்டையாக ஸ்னாப் திரும்பி வருகிறதாம். ஓவனை நிறுத்தச் சொன்னது அவன்தான் என்று காட்ட இவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. என் போனில் உண்டு. சிவப்புச் சீட்டு ஒட்டிய தட்டுகளின் போட்டோ, அதற்குக் கீழே 'விடும்மா, கஸ்டமருக்கு ஷைனிங் வேணுமாம்' என்று சார் அனுப்பிய பதில், தேதியோடு.

"அத எனக்கு அனுப்பும்மா. ஒனக்கு நல்ல லெட்டரா தர்றேன். அந்த வீடியோவையும் எடுக்கச் சொல்லிடு."

"அது அவன் லைவ் சார். மிச்சம் ஜனங்க போன்ல கீது. யாரப் போய்க் கேக்கறது? லெட்டர எழுதுங்க. நான் சொல்றத எழுதுங்க."

சொன்னேன். ஓவனை நிறுத்துவதை எழில் எழுத்தில் எதிர்த்தார். அவருடைய முத்திரை அவருக்குத் தெரியாமல் பயன்படுத்தப்பட்டது. சாரின் பேனா நின்றது.

"இத எழுதினா என் மானம் பூடும்மா."

"என்னுது அன்னிக்கே பூட்ச்சு சார். செத்தா பூட்டேன்?"

பத்து நிமிடம் பேனாவை உருட்டினார். தண்ணீர் குடித்தார். பிறகு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, போட்டோக்களை அனுப்பினேன். இனி அவரும் சரவணக்குமாரும் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடித்துக்கொள்ளட்டும். அதற்காகத்தான் அனுப்பினேன்.

வெளியே வந்தேன். பெஞ்ச் காலியாக இருந்தது. ஏழு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பார்வதம் அக்கா எழுந்து வந்தார்.

"வாங்கிட்டியா லெட்டரு?"

"வாங்கிட்டேங்க்கா."

"சந்தோசம். நாளையிலேருந்து வராதீங்கன்னுட்டாரு. ஒன் கோவத்துக்கு எங்க சோறு பூட்ச்சு. நீ படிச்சவ, வேற எடம் பாத்துப்பே. நாங்க எங்க போறது? எவன் வெளுப்பு கேட்டான், எவன் சீல் குத்தினான்னு எங்களுக்கா தெரியாது?"

"தெரிஞ்சும் அன்னிக்கு வாயே தொறக்கலியேக்கா."

"தொறந்தா அன்னிக்கே சோறு பூட்டிருக்கும்டி."

வருத்தப்பட்டேன் என்று எழுத வேண்டும். வருத்தப்பட்டேன். ஆனால் நேற்றைக்குத் திரும்பப் போக முடிந்தால் அந்தக் கேனை மறுபடியும் விழ வைப்பேன். இரண்டும் உண்மை.

ஒரு விஷயத்தை நான் நடேசன் சாரிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. திறக்காத வெள்ளை ஸ்னாப்பை இப்போது ஓவனில் வைத்தாலும் தேறும். அன்றைக்குச் சோதனைக்காக ஓவனில் வைத்தேனே பத்து, அவை ஒரு வாரம் கிடந்த வெள்ளை ஸ்னாப்கள்தான். பத்தும் தாங்கின. வளைத்த சூட்டோடு வைக்காவிட்டால் வீண் என்று நினைக்கிறவர் சார். மாமனார் கொடுத்த கம்பெனி, அவருக்கு ஓவன் பட்டன்கூடத் தெரியாது. அந்த மூட்டைகள் அழுகட்டும், கம்பெனி நாறட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அக்கா, இங்க வாங்க." அவரைத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துப் போனேன். "திரும்பி வர்ற சரக்குல பாக்கெட்டு பிரிக்காதத தனியா எடுங்க. முந்நூத்தம்பது, அர மணி நேரம். தேறிடும். நான் போட்டுப் பாத்துகீறேன்."

அக்கா என்னையே பார்த்தார். "அத அவருகிட்ட சொல்லலியா நீ?"

"அவருக்கு எதுக்கு சொல்லணும்? ஒங்களுக்கு சொல்றேன். நீங்களும் சும்மா சொல்லிடாதீங்க. சரக்க நான் காப்பாத்தறேன், ஏழு பேரையும் பர்மனென்ட் பண்ணுன்னு கேளுங்க. எழுதி வாங்குங்க. வாங்கற வரைக்கும் ஓவன் பக்கம் போவாதீங்க."

"ஒத்துக்கலன்னா?"

"மூட்ட மேல ஒக்காந்து அழட்டும்."

அவர் முகத்தில் சிரிப்பெல்லாம் வரவில்லை. என்னை மன்னித்த மாதிரியும் தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மற்ற ஆறு பேரையும் கையால் கூப்பிட்டார். ஏழு பேரும் கேபினுக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று மணிக்குள் நான் கடிதத்தோடு ஸ்ரீபெரும்புதூரில் இருக்க வேண்டும். ஆனாலும் கேட் அருகே நின்றேன். முதலில் நடேசன் சாரின் குரல் உயர்ந்தது. அதற்கு மேல் பார்வதம் அக்காவின் குரல் உயர்ந்தது. சாரின் குரல் இறங்குகிற வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.